புலம்பெயர்ந்த காப்பிய மாந்தர்: சிறுவாச்சூரும் ஏலாக்குறிச்சியும்

ஒரு கதையில் தோன்றிய மாந்தரைப் பிறிதொரு நாட்டில் நிறுத்தி, அவர்க்குப் புதியதொரு வாழ்க்கை வகுத்துக் காணும் வழக்கம் மிகப் பழையது. இந்நாளில் இளைஞர் சிலர் குழுவாகக் கூடித் தாம் விரும்பும் கதைமாந்தரை வேற்றுலகில் வாழ்வோராகக் கற்பித்து, அவராகத் தாமே நின்று உரையாடி மகிழ்கின்றனர். அவ்வாறு ஆடுவோர் எப்பெயரை மாற்றலாம், எச்செயலை மாற்றலாகாது, புதிய கதை மூலக்கதையோடு எவ்விடத்திற் பொருந்த வேண்டும் எனத் தமக்குள் விதி வகுத்துக்கொள்வதையும் காண்கிறோம். ஆட்டம் புதிது, விதிகள் எழும் வினாக்கள் புதியன அல்ல. தமிழ்ப் புலவரும் ஊர் மக்களும் அவ்வினாக்களை நெடுங்காலத்திற்கு முன்னரே எதிர்கொண்டு விடை கண்டுள்ளனர்.

அவ்விடைகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்தவர் சிலரே. கண்ணகியைப் பற்றிய ஊர்க்கதைகளைச் சிலப்பதிகாரத்தின் சிதைவுகள் என்று ஒதுக்குவதும், தேம்பாவணியை விவிலியக் கதையின் தமிழாக்கம் என்று கூறி அமைவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. முதற்கூற்று மக்கள் மரபுக்குத் தீங்கு செய்வது. இரண்டாவது புலவன் ஆற்றிய பணியை மறைப்பது. மூலத்தினின்று விலகிய கதைகள் யாவும் பிழைபட்டன அல்ல. அவ்விலகலுக்கு ஒரு முறைமை உண்டு என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலிருந்து இரு சான்றுகளை எடுத்துக்கொள்கிறோம். இவை முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் பிரிக்கப்பெற்று, அடுத்த ஆண்டே மீண்டும் இணைக்கப்பெற்று, 2007-இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் வாய்மொழி மரபுக்குச் சான்று தருகிறது. கொள்ளிடத்திற்கு வடக்கே, திருமானூர்ப் பக்கத்து ஏலாக்குறிச்சி எழுத்து மரபுக்குச் சான்று தருகிறது. ஒன்று அயலூர்ப் பத்தினியைத் தன் தெய்வமாக்கிக்கொண்ட ஊர். மற்றொன்று அயல்நாட்டுத் தச்சனைக் காப்பியத் தலைவனாக்கிய புலவர் வாழ்ந்த ஊர்.

இலக்கணம் கூறும் விகற்பம்

முதற்கண், இலக்கண நூலார் இதுபற்றி யாது கூறினர் என்று காண்போம். தொல்காப்பிய மரபியல் நூலை முதல் எனவும் வழி எனவும் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. மொழிபெயர்ப்பைத் தனி இனமாக எண்ணாமல் வழிநூலின் ஒரு வகையாக அது வைத்திருத்தல் கருதத்தக்கது. வேற்றுமொழிப் பொருள் தமிழுக்கு வரும்போதும் முதல்நூலோடு உறவுடையதாகவே வருகிறது என்பது அதனாற் பெறப்படும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தியார் இன்னும் ஒருபடி மேற்செல்கிறார். முன்னோர் நூலின் முடிபோடு முற்றும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கூறி, மரபு அழியாமல் நிற்பதே வழிநூல் என்பது நன்னூலின் கருத்து. ஒருபுறம் ஒத்துப் பிறவற்றில் திரிந்து வருவதைச் சார்புநூல் என அது வேறு பிரிக்கிறது. இவ்விதி சாத்திர நூல்களை நோக்கிக் கூறப்பட்டதாயினும், கதை தழுவிய நூல்களுக்கும் பொருந்துவதே. முடிபு ஒத்தல் வேண்டும், விகற்பம் கூறலாம், மரபு அழிதலாகாது. விலகுவதற்கு உரிமையும் உண்டு. அவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு.

கம்பர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாவார். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றிக் கவர்கிறான். கம்பர் பாடலில் அவன் அவளைத் தீண்டாது, பன்னசாலையொடு நிலத்தைப் பெயர்த்தெடுத்துச் செல்கிறான். கவர்ந்தமை என்னும் வினை மாறவில்லை. கவர்ந்த முறையே மாறியது. அம்மாற்றத்திற்குக் காரணம் தமிழ் நிலத்தின் கற்பு நெறி. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதையைக் கம்பர் வீடணன் அண்ணனுக்கு உரைக்கும் அறிவுரையாக அமைத்தார். மந்திர அவையில் வீடணன் பேசினான் என்பது மூலத்தில் உள்ள செய்தி. அப்பேச்சினுள் புதிய கதைக்கு இடம் காணப்பட்டது.

இவற்றிலிருந்து மூன்று விதிகளைப் பெறலாம். ஒன்று, மாந்தரின் அடிப்படை வினை மாறாமை. இரண்டு, மூலம் வாய் திறவாத இடைவெளியிற் புதியது புகுதல். மூன்று, மாந்தர் எந்நிலத்திற்குச் செல்கின்றனரோ அந்நிலத்தின் பெயர் மரபையும் ஒழுகலாற்றையும் ஏற்றல். இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு நம் சான்றுகளை நோக்குவோம்.

சிறுவாச்சூர்: வடக்கு நோக்கி வந்த கண்ணகி

சிலப்பதிகாரத்தின்படி, மதுரை எரியுண்ட பின் கண்ணகி வையைக் கரை வழியே மேற்றிசை நோக்கி நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, பதினான்காம் நாள் வேங்கை மரத்தின் கீழ் நின்று கணவனோடு விண்ணுலகு புகுகிறாள். சிறுவாச்சூர் மக்கள் கூறும் கதையோ வேறு வழிச் செல்கிறது. சினம் தணியாத கண்ணகி வடக்கே வந்து சிறுவாச்சூரை அடைந்தாள். அவ்வூர்த் தெய்வமாகிய செல்லியம்மனிடம் ஓர் இரவு தங்க இடம் வேண்டினாள். செல்லியம்மன் அப்போது மந்திரவாதி ஒருவனின் ஆற்றலுக்கு உட்பட்டுத் துன்புற்றிருந்தாள். வந்தவள் அவனை அழித்து ஊரைக் காத்தாள். செல்லியம்மன் அவளையே அவ்விடத்தில் அமரச் செய்து, தான் அருகிலுள்ள மலைக்குச் சென்றாள். அங்ஙனம் அமர்ந்தவளே மதுரகாளியம்மன் என்றும், மதுரைக் காளி என்பதே மதுரகாளி என மருவிற்று என்றும் கூறுவர்.

இக்கதையின் காலத்தை வரையறுத்தல் நம் நோக்கமன்று. அதன் அமைப்பையே ஆராய்கிறோம். முதலாவதாக, கதை கிளைக்கும் இடம் நோக்கத்தக்கது. கோவலன் கொலையுண்டமை, பாண்டியன் அவையில் வழக்குரைத்தமை, மதுரை எரிந்தமை ஆகியவற்றுள் எதனையும் சிறுவாச்சூர்க் கதை மறுக்கவில்லை. மதுரையை விட்டு நீங்கிய பின்னரே அது தொடங்குகிறது. வழக்குரை காதையை விரிவாகப் பாடிய இளங்கோவடிகள் பின்வந்த நடைப்பயணத்தைச் சில அடிகளில் முடித்துவிடுகிறார். அப்பதினான்கு நாள்களே ஊர்க்கதைகள் புகும் வாயிலாயின. திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் கோயிற் கதையும், கண்ணகி மதுரையினின்று சேரநாடு செல்லும் வழியில் அங்குத் தங்கினாள் என்றே கூறுகிறது. தொலைவிலுள்ள இரண்டு ஊர்கள் மூலக்கதையின் ஒரே இடைவெளியைத் தேர்ந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை.

இரண்டாவதாக, கண்ணகி காளியானமைக்கு மூலத்திலேயே ஒரு வித்து உண்டு. பாண்டியன் வாயிலோன் அரசனிடம் சென்று வந்தவளின் தோற்றத்தை அறிவிக்கும் பகுதியில், கொற்றவை முதலாகக் காளி உள்ளிட்ட தெய்வங்களைச் சொல்லி, இவள் அவர்களுள் ஒருத்தி அல்லள் என்கிறான். புலவர் ஒப்புமையை எழுப்பி, உடனே மறுத்துவிடுகிறார். ஊர்க்கதை அம்மறுப்பை நீக்கி ஒப்புமையை உண்மையாக்கிக்கொண்டது. மூலத்தில் ஒரு சொல்லேனும் பற்றுக்கோடாக இருத்தல் வேண்டும் என்னும் உணர்வு, நூல் கல்லாத மரபிலும் செயற்பட்டது என்று இதனாற் கருதலாம்.

மூன்றாவதாக, வந்த தெய்வம் இருந்த தெய்வத்தை அழிக்கவில்லை. இடம் கேட்டே நுழைகிறது. செல்லியம்மனுக்கு முதன்மை தந்து வழிபடும் வழக்கம் இன்றும் அவ்வூரில் உள்ளது. விருந்தாய் வந்தவர் மனைக்குரியாரை மதித்தல் தமிழர் ஒழுகலாறு. அவ்வொழுகலாற்றுக்குக் காப்பியத் தலைவியும் உட்படுகிறாள். எனினும் அவளது அடிப்படை வினை மாறவில்லை. மதுரையில் முறை தவறிய அரசனை எதிர்த்தவள், இங்கே முறை தவறிய மந்திரவாதியை எதிர்க்கிறாள். நிலமும் பகைவனும் வேறு. தீமை கண்டு பொறாத சினம் ஒன்றே. ஆகவே இதனைச் சிதைவு என்பதினும் கிளை என்பதே பொருந்தும்.

ஏலாக்குறிச்சி: தமிழ் நிலத்திற்கு வந்த வளன்

எழுத்து மரபிற் செல்வோம். இத்தாலி நாட்டுக் காசுதிக்கிலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்து, 1747-இல் மறைந்த வீரமாமுனிவர், அரியலூர் மழவராயரின் பாளையத்திற்கு உட்பட்டிருந்த ஏலாக்குறிச்சியில் தங்கி அடைக்கல அன்னைக்குக் கோயில் அமைத்துப் பணியாற்றினார். அவ்வூர்க்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர். அடைக்கலம் தருபவள் உறையும் ஊர் காவலூர் ஆதல் இயல்பே. கலம்பகம் பாடுவதற்குப் பாடல்பெறும் தலம் ஒன்று வேண்டும். அப்பெயரால் ஊர் தலமாயிற்று. திருக்காவலூர்க் கலம்பகமும் பிறந்தது. மாந்தர்க்கு முன் ஊரே புதிய பெயர் பூண்டது.

1726-இல் அவர் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 விருத்தங்களும் கொண்டது. அதன் தலைவர் ஏசுபிரானின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். அவரை முனிவர் வளன் என்று பெயரிட்டு அழைக்கிறார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர், இறைவன் மேலும் பெருகச் செய்வானாக என்னும் பொருளடியாகப் பிறந்தது, பெருக்கமே வளம், ஆதலின் வளன். அவ்வாறே, இறைவன் அருளுடையன் எனப் பொருள்படும் யோவான் என்னும் பெயர் கருணையன் ஆயிற்று. தாவீது போன்ற பெயர்கள் ஒலி பற்றியே நின்றன.

பெயரிடுதலில் ஒலி வழியும் பொருள் வழியும் இருந்தமை இதனால் விளங்கும். வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழெழுத்தால் வழங்குக என்பது தொல்காப்பிய நெறி. நன்னூலும் மொழிமுதல் எழுத்துகளை வரையறுக்கிறது. யகரம் ஏகாரத்தோடு மொழிமுதல் ஆகாமையின் யேசு என்பது இயேசு, ஏசு என வழங்கலாயிற்று. இது ஒலி வழி. முனிவர் காப்பியத்தின் தலைமை மாந்தர்க்குப் பொருள் வழியை விரும்பினார். வளன் என்ற அளவிலே கேட்போர்க்குப் பண்பு தோன்றும், அயன்மை தோன்றாது. தம் திறத்திலும் அவர் அந்நெறியையே கைக்கொண்டார். கொன்சுதான்சோ என்னும் அவரது இயற்பெயர் உறுதிப்பாடு என்னும் பொருளது. அதுவே முதலில் தைரியநாதர் எனவும், பின்னர் வீரமாமுனிவர் எனவும் ஆயிற்று. தம் காப்பிய மாந்தரைப் போலவே ஆசிரியரும் பெயர் மாறி இந்நிலத்திற் புகுந்தவர்.

இனி, இடைவெளி விதிக்கு வருவோம். விவிலிய நற்செய்தி நூல்களில் சூசையப்பர் மிகச் சிறிய அளவிலேயே தோன்றுகிறார். அவர் பேசியதாக ஒரு வாக்கியமும் அங்கில்லை. ஏசுபிரான் பன்னிரண்டு வயதில் எருசலேம் கோயிலில் காணப்பட்ட நிகழ்ச்சிக்குப் பின் அவர் செய்தி மறைந்துவிடுகிறது. ஏசுபிரானைத் தலைவராகக் கொண்டு பாடின், திருநூலின் ஒவ்வொரு சொல்லும் புலவனைக் கட்டுப்படுத்தும். பேசாத சூசையப்பரைத் தலைவராகக் கொண்டமையால் காப்பியத்திற்கு வேண்டிய பரப்புக் கிடைத்தது. அப்பரப்பையும் அவர் முற்றிலும் தம் கற்பனையால் நிரப்பவில்லை. இசுபானிய நாட்டுத் துறவி ஆகிர்த மரியாள் எழுதி 1670-இல் வெளியான இறை நகரம் பற்றிய நூல் அவர்க்குப் பெருந்துணையாயிற்று. நற்செய்தி நூல்கள் கூறாத எலிசபெத்து அம்மையாரின் மறைவும், காட்டில் தனித்த கருணையனின் புலம்பலும் இவ்வகையில் இடம் பெற்றன. அன்னையை இழந்த இளைஞனின் துயரில் மரமும் பறவையும் பங்கு கொள்வதாகப் பாடுமிடத்து, யூதேயப் பாலை தமிழ்க் காடாகிவிடுகிறது.

நிலத்தின் மரபை ஏற்றலே புலவர்க்குப் பெரிய சோதனையாயிற்று. நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடுதல் எளிது. யூதேய நாட்டில் தமிழ்நாட்டு வயலையும் புனலையும் காட்டுதலில் இடர்ப்பாடு இல்லை. ஆயின் தண்டியலங்காரம் கூறும் பெருங்காப்பிய இலக்கணம் தன்னிகரில்லாத் தலைவனையும், மணமும் முடிசூட்டும் போன்ற நிகழ்ச்சிகளையும் நாடுகிறது. வளனோ தச்சர், முடிசூடியவர் அல்லர். அவர் மணந்தவரோ கன்னிமை நீங்காத மரியன்னை. காப்பிய விதியைக் காப்பின் சமய உண்மை கெடும்; சமய உண்மையைக் காப்பின் காப்பியம் குறைபடும். இவ்விடத்தே முனிவரின் புலமை புலனாகிறது.

திருமணப் படலத்தை அடுத்து ஈரறம் பொருத்து படலம் என்று ஒன்றனை அமைத்தார். இல்லறமும் துறவறமும் தமிழர் வகுத்த ஈரறங்கள். ஒன்றன்பின் ஒன்றாக மேற்கொள்ளத்தக்கனவாக எண்ணப்பட்ட அவற்றை, மணந்தும் துறந்தோராய் வாழும் இருவரிடத்தே ஒருங்கு பொருத்தினார். சமயக் கொள்கை மாறவில்லை; தமிழ் அறப்பகுப்பும் விடப்படவில்லை. முடிசூட்டிற்கும் ஒரு வழி கண்டார். சூசையப்பர் தாவீது அரசன் வழியினர் என்பது நற்செய்தி நூல்கள் கூறுவது. ஆகவே அரச மரபு கற்பனையன்று. மண்ணில் கிட்டாத முடியை அவர் விண்ணிற் பெறுகிறார். இறுதிப் படலம் முடிசூட்டுப் படலமாக அமைகிறது. வீட்டுப்பேறே முடிசூட்டாதலின் நாற்பொருளுள் இறுதியாகிய வீடும் ஆண்டே நிறைவுறுகிறது.

இதனை மொழிபெயர்ப்பு என்பது எங்ஙனம் பொருந்தும்? தரங்கம்பாடியில் 1715-இல் அச்சு நிறைவேறிய சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு மொழிபெயர்ப்பாகும். மூலச் சொல்லுக்கு நேர்மை காட்டுதல் அதன் அறம். தேம்பாவணி கடைப்பிடித்த அறம் வேறு. மூல வினைக்கு நேர்மை, ஏற்கும் நிலத்தின் மரபிற்கு நேர்மை ஆகிய இரண்டையும் ஒருங்கே தாங்குதலே அது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பின் இரண்டற்கும் தீங்கிழைத்தோமாவோம்.

விதிக்கு மாறுபடுவன

நாம் கூறிய விதிகள் எல்லா இடத்தும் ஒருபடித்தாகச் செல்வன என்று கொள்ளலாகாது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்களில் நபிகள் நாயகத்தின் வரலாறு கூறுவது. அரபு நாட்டிற்குத் தமிழ்நாட்டு வயல்வளம் தருவதில் உமறு வீரமாமுனிவரை ஒத்தவர்; பெயரில் அவர் வழி வேறு. அரபுப் பெயர்களைப் பொருள்பெயர்க்காமல் ஒலி வழியே கொள்கிறார். நபியின் வரலாறு காலமும் இடமும் குறித்து விரிவாகப் போற்றப்பட்டது. அதிற் பெயரைப் பெயர்த்தலுக்கு இடமில்லை. ஆகவே இடைவெளி சுருங்கிய இடத்தில் புலவனின் உரிமையும் சுருங்குகிறது என்க.

புகழேந்தியார் பெயரால் வழங்கும் கதைப்பாடல்கள் இன்னும் துணிவுடையன. அல்லி அரசாணி மாலையில் அருச்சுனன் மதுரைக்கு வந்து அல்லியை மணக்கிறான். பாரதப் போரோ அதனால் மாறவில்லை. கோவலன் கதையிலோ கண்ணகியின் பிறப்பே மாறுகிறது. காளியின் பிறவியாய்ப் பாண்டியன் மகளாகத் தோன்றி, ஆற்றில் விடப்பட்டு, வணிகர் கையிற் சேர்கிறாள். இலங்கையில் வழங்கும் கண்ணகி வழக்குரையோ அவள் மாங்கனியிற் பிறந்தாள் என்கிறது. இவை இடைவெளியிற் புகுந்தவை அல்ல. மூலத்தின் வேரையே மாற்றியவை. ஆதலின் இடைவெளி விதி இங்கே மீறப்பட்டது என்பதை ஒப்புதல் வேண்டும்.

எனினும் இக்கதைகளிலும் கோவலன் மதுரையிற் கொலையுண்கிறான், கண்ணகி வழக்குரைக்கிறாள், மதுரை எரிகிறது. முதல் விதி மட்டும் எங்கும் மீறப்படவில்லை. பிறப்பை மாற்றியதற்கும் காரணம் காணலாம். ஒருவன் தவற்றிற்கு ஓர் ஊரே எரிதல் முறையோ என்னும் ஐயம் கேட்போர் உள்ளத்து எழுவது. சிலப்பதிகாரமே கட்டுரை காதையில் முற்பிறப்பு வினையைக் காட்டி ஒரு விடை கூறுகிறது. கதைப்பாடல் அதே ஐயத்திற்கு மற்றொரு விடை கூறுகிறது. எனவே மூன்று விதிகளும் ஒத்த வலியுடையன அல்ல. நிலமும் பெயரும் எளிதில் மாறும்; இடைவெளி எல்லை அரிதாகக் கடக்கப்படும்; அடிப்படை வினையோ மாறாது. அதுவும் மாறின், பெயர் ஒன்றாயினும் மாந்தர் வேறாவர்.

முடிபு

சிறுவாச்சூர்க் கதையை வழங்கியோர் நன்னூல் கற்றவர் அல்லர். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த முனிவரோ, தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலையே 1730-இல் இயற்றியவர். இவ்விரு திறத்தாரும் ஒரே நெறியிற் சென்றமை நாம் கண்ட உண்மை. ஆகவே அந்நெறி இலக்கணத்தாற் படைக்கப்பட்டதன்று. தமிழ் மக்கள் கதை கேட்கும் முறையிலேயே அமைந்து கிடந்தது. இலக்கணம் அதன் ஒரு பகுதியை எடுத்துரைத்தது என்று துணியலாம்.

இதனால் ஆராய்ச்சியாளர்க்கு ஒரு கடமை பிறக்கிறது. ஊர்தோறும் வழங்கும் கதைகளைத் தொகுக்கும்போது, மூலத்தோடு எவ்வளவு மாறுபடுகின்றன என்று எண்ணுவதோடு அமைதல் போதாது. எவ்விடத்தில் மாறுபடத் தொடங்குகின்றன, மூலத்தின் எச்சொல்லைப் பற்றுக்கோடாகக் கொண்டன, எவ்வினையை மாற்ற மறுத்தன என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறித்தால், பிழை என்று நாம் ஒதுக்கிய பல கதைகள், அவற்றைச் சொல்லியோர் மூலத்தை எத்துணைக் கூர்ந்து கேட்டனர் என்பதற்குச் சான்றாக நிற்கும். சொல்லுவோர் முதியோராயிருத்தலின் இப்பணி காலம் தாழ்த்தற்கு உரியதன்று.